கம்பெனி செட்டுக்கு மேலே ஒரு செட்

ஜூன் 3, திங்கள்

வண்டி எடுத்தாகிவிட்டது. நான்கு கதவு, பின்னால் திறந்த தொட்டி, கருநீலம். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மனைவி வசந்தாமணியை முன்சீட்டில் உட்கார வைத்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வாழைத்தார் சுமந்து தோள் காய்த்துப்போன இந்த நாச்சிமுத்து ஐம்பத்தெட்டு வயதில் இந்த வண்டியில் உட்காருகிறான் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. எழுதி வைப்பதில் எனக்கு வெட்கமில்லை.

உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இனி இது வண்டிக்கு. டயர், ஆயில், பழுது, சர்வீஸில் யார் என்ன சொன்னார்கள், எல்லாம் இதில் ஏறும். வேறு கதை எழுதுவதாக இல்லை.

முதல் குறை இன்றைக்கே வந்துவிட்டது. இருப்பதிலேயே உயர்ந்த மாடல் இது. பத்து ஸ்பீக்கர், அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர், எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, கம்பெனியிலேயே மாட்டி வருவது. ஷோரூம்காரர் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். எனக்கோ பாடுகிறவன் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. ஜால்ரா இல்லை, சலங்கை இல்லை. அடிச்சத்தம் மட்டும் டம் டம் என்று வயிற்றில் இடிக்கிறது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் வசந்தா.

"உனக்கு உடைஞ்ச ரேடியோவே நல்லாத்தான் இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

சந்தையில் வாழைத்தார் ஏல நாள். பூவன் நல்ல வரத்து. ஏலம் நடத்துகிற சங்கத்து மைக் சரியில்லை, கரகரவென்று இரைச்சல்தான் வருகிறது. எத்தனை தடவை சொல்லியும் மாற்றமாட்டேன் என்கிறார்கள். ஏலம் கூறுகிற தங்கராசு மட்டும் மரியாதை தெரிந்தவன். என் பக்கம் திரும்பி, விலையை விரலிலும் காட்டிச் சொல்லுகிறான். பழைய ஆள் என்கிற மதிப்பு.

வண்டியில் போனைச் சேர்த்துவிட்டேன். பேசினால் வண்டி ஸ்பீக்கரிலேயே கேட்கிறது. குடோனுக்குள் டவர் கிடைப்பதில்லை என்பதால் என்னிடம் தார் வாங்குகிற பாலக்காட்டுக்காரர் கூப்பிட்டபோது வண்டிக்குள் போய் உட்கார்ந்து பேசினேன். பாட்டு சுமார் என்றாலும் பேச்சுக்குப் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 8, சனி

இன்று சந்தையில் ஒரு சின்ன விஷயம். அந்த மைக்கால் வந்தது.

செவ்வாழை முப்பது தார். நான் விலை சொன்னேன். கூட்டத்தில் சலசலப்பு. யாரோ ஏற்றிவிட்டான் என்று நானும் ஏற்றினேன். மறுபடி சலசலப்பு. விடுவேனா, இன்னும் ஏற்றினேன். தங்கராசு கையை உயர்த்தி நிறுத்திவிட்டு என்னிடம் வந்து குனிந்தான்.

"அண்ணா, வேற யாரும் கேக்கலீங்க. உங்க விலை மேலயே நீங்க ஏறிட்டு இருக்கறீங்க. முதல்ல சொன்னதுக்கே அடிச்சுடறேன்."

லோகநாதன் இருக்கிறானே, என்னோடு பதினைந்து வருடமாகப் போட்டி போடுகிறவன், அவன் துண்டை உதறிக்கொண்டு, "நாச்சிமுத்தண்ணனுக்கு எதிராளியே தேவையில்லை, தன்னோட தானே மல்லுக்கட்டுவாரு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மைக் செட்டை மாற்றச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இது வண்டி டைரி, இங்கே எழுதிப் பயனில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஏலம் முடிந்ததும் நேராக ஷோரூம். சர்வீஸ் மேலாளர் வந்து உட்கார்ந்தார். பாட்டுப் போட்டார். ஒரு குறையும் இல்லை என்றார். "இது பிரீமியம் செட்டுங்க. இதுக்கு மேல சத்தம் வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை." வெளியே யாரிடமாவது கொடுத்து வயரை அறுத்தால் வாரண்டி போய்விடும் என்று ஒரு மிரட்டலும் போட்டார்.

குறை இல்லை என்று சொல்லுவதற்குச் சம்பளம் வாங்குகிறவரிடம் குறை சொல்லி என்ன செய்ய.

ஜூன் 13, வியாழன்

ஈரோட்டில் இம்தியாஸ் என்று ஒருவர், வண்டிகளுக்குச் சவுண்ட் செட் போடுவதே தொழில். நாற்பது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். பிறகு கைப்பேசியில் எதையோ திறந்து கதவு ஓரம் பிடித்தார். பச்சைக் கோடுகள் குதித்தன.

"என்னங்ணா குறை?"

"மேல் சத்தம் வர்ல பாய். ஜால்ரா எங்க போச்சு?"

"இதோ, இந்தக் கடைசிக் கோடு துள்ளுது பாருங்க, அதுதான் ஜால்ரா. நல்லா வருது."

"கோட்டையா காதுல கேக்க முடியும்?"

அவர் சிரித்தார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். சாதா வண்டி என்றால் டேஷ்போர்டில் இருந்து வருகிற வயரை எடுத்துப் புது ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிடலாமாம். இதில் அந்தச் சத்தம் முதலில் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பெனி ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அது எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பிரித்து, சத்தம் கூடக் கூட அடிச்சத்தத்தைத் தானே குறைத்து அனுப்புகிறது. பாட்டு மட்டுமில்லை, போன் பேச்சு, சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்னால் எடுக்கும்போது அடிக்கிற பீப், எல்லாம் அதன் வழியாகத்தான்.

"அதைக் கழட்டி வீசினா வண்டி ஊமையாயிடும்ணா. அது இருக்கோணும். அது வெளிய விடற சத்தத்தை நாம வாங்கி, அது பண்ணின வெட்டு ஒட்டெல்லாம் சரி பண்ணி, அப்புறம்தான் நம்ம ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கோணும். செலவு வேலை. நான் சொல்றதைக் கேளுங்க, ஒரு மாசம் இப்படியே ஓட்டிப் பாருங்க. கம்பெனி செட்டே நல்ல செட்டு."

முப்பது வருட வியாபாரத்தில், வாங்க வந்தவனை வேண்டாம் என்று அனுப்புகிற கடைக்காரரை இன்றுதான் பார்க்கிறேன். ஒன்று பெரிய ஆளாக இருக்க வேண்டும், இல்லை பிழைக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும்.

"பாய், நீங்க விக்கறவரா, வேண்டாம்கறவரா?"

"விக்கறவன்தாங்ணா. நாளைக்கு எம் பேரைச் சொல்லித் திட்டக்கூடாது பாருங்க."

திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

இம்தியாஸ் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பகல் பூராவும் வேலையைப் பார்த்தேன். பொருள் வாங்குகிறவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இது என் வழக்கம்.

பின்சீட்டைத் தூக்கினார். பேட்டரியில் இருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று, அதில் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஒரு ஃபியூஸ். கம்பெனி வயர் ஒன்றைக்கூட அறுக்கவில்லை. அதே மாதிரி சொருகியை வரவழைத்து வைத்திருக்கிறார். அதில் இருந்து கிளை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் துணி டேப் சுற்றி, ஆட்டினாலும் கிறீச் என்று சத்தம் வராதபடி கட்டினார். தார் கட்டத் தெரிந்தவனுக்குக் கட்டைப் பார்த்தால் ஆள் தெரியும். இவர் கட்டு நல்ல கட்டு.

ஜூன் 18, செவ்வாய்

ஏலத்துக்குப் போகவில்லை. வண்டி வேலை இருந்தது.

மத்தியானம் முதன்முதலாகப் பாட்டுப் போட்டார். சத்தம் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மேல் சத்தம் இன்னும் வரவில்லை.

"ஏத்துங்க பாய்."

ஏற்றினார்.

"இன்னும்."

பக்கத்தில் வெல்டிங் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாய் தன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

"அண்ணா, இது கண்ணாடில ஆணி வெச்சு இழுக்கற மாதிரி இருக்குங்ணா."

"எனக்கு இப்பத்தான் வருது. இன்னும் ஒரு புள்ளி."

ஈரோட்டிலேயே இருக்கிற அக்காள் வீட்டுக்குப் போயிருந்த வசந்தாமணி அந்த நேரம் பார்த்து வந்து வண்டியில் ஏறினாள். ஏறின வேகத்தில் இறங்கிவிட்டாள். "ஏனுங்க, காதுக்குள்ள ஊசி ஏத்தறாங்களா? இதுல உக்காந்துட்டு ஊரு வரைக்கும் வரச் சொல்றீங்களா?"

பொம்பளைகளுக்கு மெல்லிசு போதும். இருந்தாலும் அவள் ஊர் வரைக்கும் தலையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்தது கொஞ்சம் மிகைதான்.

ஜூன் 20, வியாழன்

வேலை பலித்தது. இரண்டு நாளாகப் போன் பேச்சு கண்ணாடி மாதிரி. பாலக்காட்டுக்காரர், திருச்சூர்க்காரர், லாரி புக்கிங், எல்லாம் வண்டிக்குள்தான். ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் உலகம் தெளிவாக இருக்கிறது. இன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வசந்தா சாப்பாட்டை வண்டி ஜன்னலில் நீட்டினாள். "பாயும் தலைகாணியும் கொண்டாந்து போட்டுரட்டுங்களா?"

ஜூன் 22, சனி

பின்னால் எடுக்கும்போது அடிக்கிற பீப் பழுது. ஈரோடு போய்ப் பாயிடம் காட்டிவிட்டு வந்தோம்.

ஜூன் 23, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜூன் 24, திங்கள்

நேற்று முன்தினம் எழுதியது பொய். டயருக்கும் ஆயிலுக்கும் என்று வைத்த டைரியில் பொய் எழுதினால் அப்புறம் இதை எதற்கு வைத்திருக்க வேண்டும். நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஏலம் முடிந்து சந்தை வளாகத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. பீப்பும் இல்லை. திடீரென்று டமார் என்று ஒரு அதிர்ச்சி, வண்டி பின்னால் எதன் மேலோ ஏறி நின்றது. இறங்கிப் பார்த்தால் ஒரு பெரியவரின் மொபெட், வாழைத்தாரோடு நசுங்கிக் கிடக்கிறது. பெரியவர் இரண்டடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தார். குதித்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. மொபெட்டைச் சரிபண்ணிக் கொடுத்தேன், அது போகட்டும். அவர் குதித்திராவிட்டால் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

எனக்குப் பாய் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து ஈரோடு கிளம்பியபோது, வேண்டாம் என்றாலும் கேளாமல் வசந்தாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கடையில் வாடிக்கையாளர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"வயரை அறுக்கலைன்னு சொன்னீங்களே! பீப்பை அறுத்துட்டு அனுப்பியிருக்கீங்க. ஒரு ஆளு இன்னிக்குச் செத்திருப்பான். இந்த ஈரோட்டுல நீங்க இனிக் கடை வெச்சுடறீங்களான்னு நானும் பாக்கறேன்!"

இம்தியாஸின் முகம் வெளுத்துவிட்டது. வண்டியில் ஏறி ரிவர்ஸ் போட்டார். இரண்டு நொடி கழித்து என்னைப் பார்த்தார்.

"அடிக்குதுங்களேண்ணா."

"எங்க அடிக்குது?"

அந்த ஆறு பேரில் ஒருவர், எனக்கு யாரென்றே தெரியாதவர், கடை வாசலில் நின்றபடி, "அடிக்குதுங்க, இங்க வரைக்கும் கேக்குது" என்றார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

பாய் எல்லோரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். வண்டிக் கதவுகளைச் சாத்தினார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துத் தான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, செட்டு போட்ட பின்னாடி நாங்க ஒண்ணு செய்வோம். அடியில இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு சத்தமா விட்டு, எந்த ஸ்பீக்கர் எதை முழுங்குதுன்னு பாப்போம். அன்னிக்கு உங்க அவசரத்துல அதைச் செய்யலை. இப்பச் செய்யலாம். கேக்கறப்ப விரலைத் தூக்குங்க, நின்னதும் இறக்கிருங்க. எம் போன் கோடு பொய் சொல்லலாம். அதனால பின்னாடி அக்காவும் தூக்கட்டும்."

ஊம் என்று அடியில் இருந்து தொடங்கியது. தூக்கினேன். அடுத்தது, தூக்கினேன். ஆறோ ஏழோ வரைக்கும் போயிற்று. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நான் விரலை இறக்கினேன். பாய் கையில் பச்சைக் கோடு மட்டும் நின்றது நின்றபடி இருந்தது.

மேலே கண்ணாடியைப் பார்த்தேன். பின்சீட்டில் வசந்தாவின் விரல் மேலே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி நேராக. கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்ததும் அந்த விரலை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டாள்.

அவளுக்குக் கேட்கிறது. எனக்காக இறக்கினாள்.

பாயும் அதைப் பார்த்தார். சத்தத்தை நிறுத்தினார். "எங்கிட்ட காட்ட வேண்டியது இல்லீங்ணா இது. டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னார். நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வண்டியை எடுத்தேன். அது இரண்டாவது தப்பு.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஒரு வருசமாத் தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"சந்தைக்கே தெரியும். தங்கராசு எதுக்கு உங்களைப் பாத்து விரலைக் காட்டறான்னு நினைச்சீங்க? நான்தான் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். என் அப்பாவுக்கு ஐம்பது வயதில் காது சுத்தமாகப் போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஏலத்தில் தலையாட்டினால் விலை ஏறிற்று என்று அர்த்தம். வேண்டுமென்றே அவரிடம் வேறெதையோ பேசித் தலையாட்ட வைத்து, சொத்தைத் தாரை எல்லாம் அவர் தலையில் கட்டினார்கள். கூட்டம் சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அப்போது பதினேழு வயது, பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஒரு வருடமாக எனக்கு மைக் சரியில்லை, டவர் சரியில்லை, வண்டி செட் சரியில்லை. எது சரியில்லை என்று எனக்குத் தெரியாமலா இருந்தது. தெரிந்துகொள்ள மனசில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 25, செவ்வாய்

ஏலத்துக்குப் போகவில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை.

ஜூன் 27, வியாழன்

காது மூக்கு தொண்டை டாக்டர். வண்டி நிறுத்தின இடத்தில் இருந்து உள்ளே போகப் பத்து நிமிடம் ஆயிற்று. வசந்தா அவசரப்படுத்தவில்லை.

இடது காதில் அழுக்கு கல்லாக அடைத்திருந்ததாம். மருந்து விட்டு, தண்ணீர் பீச்சி எடுத்து, ஒரு தட்டில் போட்டுக் காட்டினார். மிளகு அளவு இல்லை, புளியங்கொட்டை அளவு. எடுத்த நொடியில் மேலே ஃபேன் ஓடுவது கேட்டது.

பிறகு கண்ணாடி அறை. ஒரு பெண் வெளியே உட்கார்ந்து சத்தம் விட, கேட்கிறபோது பொத்தானை அமுக்க வேண்டும். பாய் செய்ததேதான். பாயிடம் பச்சைக் கோடு, இவரிடம் தாளில் வரைந்த கோடு. அந்தக் கோடு பாதி தூரம் தரை மாதிரி நேராகப் போய், பிறகு கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. இரண்டு காதிலும் மேல் சத்தத்தைப் பிடிக்கிற நரம்பு தேய்ந்திருக்கிறது. வயசும் உண்டாம். ஏல மைக்கின் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் முப்பது வருடம் நின்றதும் உண்டாம்.

நான் டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "முழுசாப் போயிருங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"அவருக்குக் காதுல சீழ் வடியுமா?"

"சின்ன வயசுல இருந்தே வடியும்னு ஆத்தா சொல்லும். பஞ்சு வெச்சுட்டே இருப்பாரு."

"அப்ப அது வேற. சீழ் வெச்சு வெச்சுச் செவிப்பறை கெட்டுப்போயிருக்கும். அது உங்களுக்கு இல்லை. செவிப்பறை நல்லா இருக்கு. உங்களோடது மெதுவா வர்றது. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம். மெஷின் வெச்சா நல்லாக் கேக்கும். அவர் காது உங்ககிட்ட இல்லீங்க."

அவர் காது என்னிடம் இல்லை. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை. வசந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருப்பார் போல, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மசால் தோசை சாப்பிட்டோம். நான் இன்னொன்றும் சாப்பிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

காது மெஷின் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் பயறு மாதிரி ஒன்று, உள்ளே முடி மாதிரி ஒரு குழாய். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். இண்டிகேட்டர் டிக் டிக் என்கிறது. அது அடிக்கும் என்றே மறந்துபோயிருந்தேன். சரி என்று பாட்டைப் போட்டேன். உயிர் போயிற்று. ஜால்ரா ஒன்றொன்றும் மூளையில் வந்து விழுந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினேன். நல்லவேளை, வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

"இதுலதான் ரெண்டு வாரமா என்னையக் கூட்டிட்டு போனீங்க" என்றாள் வசந்தா. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, "செவிட்டு முண்டத்துக்கு இப்பத்தான் வலிக்குதாம்" என்றாள்.

"கேட்டுது."

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு வருடமாக அந்த ஜன்னலிடம் என்னென்ன சொல்லியிருக்கிறாளோ. அவளுக்கும் அதுதான் ஓடியிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் ஈரோடு போய்ச் சேரும் வரை நிறுத்தவில்லை.

இம்தியாஸ் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"பாய், உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லை. குத்தம் எங்காதுல. உங்களைக் கூட்டத்துல வெச்சுக் கத்தினது எந்தப்பு. மன்னிச்சுக்கோணும். அன்னிக்கு ஆறு பேர் இருந்தாங்க, இன்னிக்கு ரெண்டு பேர்தான். மீதி நாலு பேரு வந்தா நீங்களே சொல்லிருங்க."

"அட, விடுங்கண்ணா." என் காதை எட்டிப் பார்த்தார். "நல்லா கேக்குதா? இது எத்தனை சேனலு?"

தொழில்காரர் தொழில்காரர்தான்.

ஏற்றின எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கினார். அடியில் இருந்து மேல் வரைக்கும் சத்தம் விட்டார். இந்தத் தடவை கடைசி இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் விரலைத் தூக்கினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"இந்தச் செட்டைக் கழட்டிறலாங்களா பாய்? கம்பெனி செட்டே நல்லாத்தான் இருந்திருக்கு."

"அதைத்தானுங்ணா அன்னிக்கே சொன்னேன். ஆனா இருக்கட்டும். இப்பக் கேளுங்க."

மெதுவாக ஒரு பாட்டைப் போட்டார். இரண்டு பேர் பாடினார்கள். இத்தனை நாளாக ஒருவர் பாடுகிறார் என்று நினைத்திருந்தேன். செட் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஏலத்துக்குப் போனேன். மெஷினைத் துண்டால் மூடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கேட்டால் சொல்லலாம், கேட்காதவனிடம் நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததில் இருந்து அதிசயமாக இருந்தது. மைக் நன்றாகத்தான் இருக்கிறது. தராசுத் தட்டு, தார் இறக்குகிற பெண்களின் பேச்சு, டீ ஆற்றுகிற சத்தம், எல்லாம் தனித்தனியாக வந்தன. என்னைப் பற்றின பேச்சும் வந்தது. "ரெண்டு ஏலமா செவிட்டண்ணனைக் காணோமே, சீக்கான்னு நினைச்சேன்." சொன்னவர் எனக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே சொன்னார். நானும் கும்பிட்டேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது ஒரு வருடமாக நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தே என்னோடு வியாபாரம் செய்திருக்கிறார்கள். நான் விழுந்துவிடவில்லை.

நேந்திரன் எழுபது தார் வந்தது. ஒரே தோட்டத்துக் காய், கை வைத்தால் கல். லோகநாதன் வந்து எனக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றான். என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்துவிட்டு, பின்னால் நின்ற தன் ஆளிடம் சாதாரணமாக, கொஞ்சமும் குரலைத் தணிக்காமல் பேசினான்.

"எழுபதும் நமக்கு வேணும். கிலோவுக்கு நாப்பத்திரண்டு வரைக்கும் போலாம். அதுக்கு மேல வண்டிக்கூலி கட்டாது. இவரு எப்படியும் நாப்பதுல நின்னுருவாரு. பாவம், எங்க நிக்கறோம்னே தெரியாது இவருக்கு."

நானும் அவனைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தேன்.

தங்கராசு முப்பத்தைந்தில் ஆரம்பித்தான். ஏறியது. மற்றவர்கள் முப்பத்தெட்டில் நின்றுவிட்டார்கள். நானும் லோகநாதனும்தான். நாற்பது என்றேன். நாற்பத்தொன்று என்றான். நான் கொஞ்சம் தலையைச் சொறிந்தேன். அவன் சிரித்தான். நாற்பத்தொன்றரை என்றேன். அவன் நாற்பத்திரண்டு என்றான். நாற்பத்திரண்டே கால் என்றேன்.

கால் ரூபாய்க்கு ஏற்றுகிறவன் யாருமில்லை. லோகநாதன் தன் ஆளைப் பார்த்தான், ஆள் வானத்தைப் பார்த்தான். தங்கராசு மூன்று தடவை கூவி எனக்கு அடித்தான்.

லோகநாதன் என் அருகில் வந்து, வழக்கம்போல என் காதுப் பக்கம் குனிந்து, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். "என்னங்ணா, இன்னிக்குக் கால் ரூவாய்க்கெல்லாம் ஏறறீங்க!"

"மெதுவாப் பேசு லோகு. காது கூசுது."

குனிந்தவன் நிமிரவில்லை. என் காதுக்குப் பின்னால் இருக்கிற பயறைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எப்ப இருந்துங்ணா?"

"நேத்துல இருந்து."

"அப்ப சித்த முந்தி நான் பேசினது..."

"பூராவும்."

சட்டென்று தங்கராசு மைக்கை வைத்துவிட்டுச் சிரித்தான். முதலில் அவன், அப்புறம் நான், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு லோகநாதன். எழுபது தாரும் மத்தியானத்துக்குள் லாரி ஏறிவிட்டது.